ஐம்பத்தோராம் பக்கத்துப் பொட்டுகள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. நான் வேலை பார்த்த பொது நூலகத்திலிருந்து தர்ஷினி பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்த பெண்.

“அங்கிள், ஒரு டவுட். தமிழ் நாவல் அலமாரிய கிளீன் பண்றோம். நெறைய புக்ல அம்பத்தொன்னாம் பக்கத்துல செவப்பு செவப்பா கறை இருக்கு. டேமேஜ்னு போட்டு ஒதுக்கிடவா?”

“ஒன்னத்தையும் தொடாதம்மா!”

நான் போட்ட சத்தத்தில், உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்த என் மனைவி கமலா தீப்பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அது கறை இல்ல. அது ஆளுங்க.”

“ஆளுங்களா? அங்கிள், உடம்பு நல்லாதானே இருக்கு?”

போனில் சொல்லி முடிகிற கதையா இது? எழுதியே தருகிறேன் என்றேன். முருகன் துணையோடு எழுதுகிறேன். பள்ளியில் மூன்றாம் படிவம் வரைதான் படித்தவன் நான். வார்த்தை எங்காவது சறுக்கினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிறந்தது லாயாங் லாயாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கல்யாணமான பிறகு மாசாய்க்கு வந்தோம். கமலாவுக்கு பாசீர் கூடாங்கில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி வேலை. எனக்கு நூலகத்தில் கடைநிலை ஊழியர் வேலை. முதல் இரண்டு வருஷம் கூட்டினேன், துடைத்தேன், புத்தகம் அடுக்கினேன். பிறகு பின்பக்கத்து அறையில், கிழிந்த புத்தகங்களைச் சரி செய்கிற வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த அறைதான்.

அந்த அறைக்கு மேலதிகாரி புவான் சலேஹா, மலாய்க்கார அம்மா. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. குளிப்பாட்டிய குழந்தையை வாங்குவதுபோல் முதுகுக்கு அடியில் கை கொடுத்துத்தான் புத்தகத்தை வாங்குவார். வேலை பிடிக்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைப்பார். ஒரு தரம் துடைத்தால், யோசிக்கிறார். இரண்டு தரம் துடைத்தால், முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்.

செலோடேப் அவருக்கு ஆகாது. கடையில் விற்கும் பசையும் ஆகாது. காலையில் வந்ததும் பசை காய்ச்ச வேண்டும். ஒரு கரண்டி மாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர், சின்னத் தீ, கை எடுக்காமல் கிண்ட வேண்டும். கூழ் கண்ணாடிபோல் மாறியதும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆற வைக்க வேண்டும். ஒட்டுப்போடும் வெள்ளைத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் கிழிக்க வேண்டும். ஓரத்தில் நார் நாராக நின்றால்தான் ஒட்டு பக்கத்தோடு பக்கமாகப் படியும். ஒட்டி, மேலே உறிஞ்சுதாள் வைத்து, பலகை வைத்து, பலகைமேல் இரும்புக்கட்டி வைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

“டேப் போட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும் புவான்” என்று ஒருநாள் முணுமுணுத்தேன்.

அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; ‘என்சிக்’ என்றால் திரு. “இன்று நீங்கள் ஒட்டுவதை நாளை இன்னொருவர் பிரிக்க முடிய வேண்டும், என்சிக் மணி. நம்முடைய கை தவறு செய்கிற கை.”

எனக்கு அது பெரிய சமாதானமாக இல்லை. ஆனால் சொன்னபடி செய்தேன்.

என் மேசைக்கு அதிகம் வந்தவை தமிழ் நாவல்கள்தாம். அட்டைகள் எல்லாம் ஒரே சாயல். கண்ணை அகல விரித்த ஒரு பெண், பின்னால் ஒரு பங்களா, மேலே நிலா. உள்ளே மந்திரம், கொலை, காதல், ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குப் பாய்ச்சல். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. திருநீறு பூசாமல் காலையில் பச்சைத்தண்ணீர் குடிக்காதவன் நான். “மந்திரவாதி படம் போட்ட புத்தகமெல்லாம் சாமி ரூம் இருக்கிற வீட்டுக்குள்ள வேணாம்” என்று கமலாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

“சரிங்க” என்றாள். அந்தச் ‘சரிங்க’வை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

இந்த நாவல்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறவள் பாக்கியம். மாசாய் பிளாட்டில் இருப்பவள். மோட்டார் சைக்கிளில் துணிப்பையோடு வந்து, எத்தனை புத்தகம் எடுக்க முடியுமோ அத்தனையும் எடுத்துக்கொண்டு போவாள். நெற்றியில் நான் போட்டிருக்கும் பட்டையைப் பார்த்து எனக்குச் ‘சாமிண்ணே’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

அவள் கொண்டுவந்து போடும் புத்தகங்களில் ஒரு சேட்டையைப் பார்த்தேன். ஐம்பத்தோராம் பக்கத்தின் கீழ்மூலையில், பக்க எண்ணைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக வைத்திருந்தது. குங்குமம், கண் மை, நகப்பாலிஷ், பென்சில் என்று ரகம் ரகமாக. பென்சிலை ரப்பரால் அழித்தேன். குங்குமம் தேய்த்தால் பரவியது. அதனால் அந்த மூலைக்கு மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் ‘51’ என்று மெல்லிய பேனாவால் எழுதினேன். அச்சு மாதிரியே இருக்கும். எனக்குக் கர்வம்கூட. மூன்று மாதத்தில் அதே மூலையில் மறுபடி பொட்டு வரும். மறுபடி ஒட்டுவேன். அலமாரியில் ஓர் அறிவிப்பும் எழுதி மாட்டினேன்: ‘புத்தகத்தில் பொட்டு வைக்காதீர்.’

“என்ன சாமிண்ணே, நீங்க நெத்தியில பூசுனா பக்தி, புத்தகத்துல யாரோ வச்சா குத்தமா?” என்றாள் பாக்கியம்.

“அரசாங்கப் பொருள்மா அது. யாரு வைக்கிறான்னு தெரிஞ்சா அபராதம்தான்.”

“எனக்கு என்னலா தெரியும்” என்று புருவத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்படி இருந்த என்னை மாற்றியது ஒரு கரையான் கூட்டம்.

ஒரு நாவலின் கீழ்மூலைகளை எல்லாம் கரையான் தின்றிருந்தது. தையலும் விட்டுப்போய், தாள்கள் தனித்தனியாகக் கொட்டின. ஒரு பக்கத்துக்கும் எண் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், வரிசைப்படுத்தித் தைக்கும்படி புவான் என்னிடம் கொடுத்தார்.

கதை இதுதான். தேன்மொழி என்று ஒரு பெண் பழைய பங்களாவின் கிணற்றுப் படியில் இறங்குகிறாள். ஏறி வரும்போது நூறு வருஷம் முந்தைய காலம். அங்கே ஒருவனைக் கண்டு மனசைக் கொடுக்கிறாள். அவன் கொலையாகப் போகிறவன். எனக்கு என்ன தெரியும்? பழைய காலத்துத் தாள்களை எல்லாம் முன்னால் வைத்தேன், இந்தக் காலத்துத் தாள்களைப் பின்னால் வைத்தேன், ஒழுங்காகத் தைத்து அலமாரியில் ஏற்றினேன்.

ஒரே வாரத்தில் பாக்கியம் புத்தகத்தோடு பின்பக்கத்து அறைக்கே வந்து நின்றாள்.

“என்ன தச்சு வச்சிருக்கீங்க சாமிண்ணே? மொத பக்கத்துலயே கொலகாரன் பேரு போட்டிருக்கு! செத்துப்போனவன் எழுந்து வந்து பொண்ணுக்கு மோதிரம் போடுறான்!”

“வருஷப்படிதான்மா அடுக்குனேன்.”

“அலமாக்! கதய வருஷப்படி அடுக்குவாங்களா? அவ எது எது எப்ப தெரிஞ்சுக்கிறாளோ, அந்த வரிசையில அடுக்குங்க!”

தையலைப் பிரித்தேன். வேறு வழியில்லாமல் முதல்முறையாக ஒரு நாவலை வரி வரியாகப் படித்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் மதியம் கமலா கட்டிக்கொடுத்த புளிச்சோறு திறக்காமலே கிடந்தது. அடுத்த பௌர்ணமியில் அவன் சாகப்போகிறான் என்று தேன்மொழிக்குத் தெரியும். அன்றைக்கே கிணற்று வழியும் அடைபட்டுவிடும். அவனைக் காப்பாற்ற அங்கேயே இருந்துவிடுவதா, அம்மா இருக்கும் காலத்துக்குத் திரும்புவதா? மோதிரத்தில் இருந்த மந்திரம் ஒரே ஒரு தரம்தான் பலிக்கும். அந்தத் தாளை எங்கே வைப்பது என்று தேடி, மேசை முழுவதும் தாள்களைப் பரப்பினேன்.

மறுநாள்தான் முடிவு தெரியும் என்ற நிலையில் வீட்டுக்கு வந்து விளக்கின் முன் நின்றேன். வழக்கமான வேண்டுதல் முடிந்ததும், “முருகா, தேன்மொழிய எப்படியாவது காப்பாத்து” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கே சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மயிலேறி உலகைச் சுற்றி வந்தவனைக் கும்பிடுகிற எனக்கு, கிணற்று வழியாக நூறு வருஷம் போகிறவள் மட்டும் ஏன் பொய்யாகத் தெரிய வேண்டும்?

புத்தகத்தைச் சரியாகத் தைத்து, தின்ற மூலைகளுக்கெல்லாம் தாள் ஒட்டி, பக்க எண்களையும் எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மேசைக்கு வந்த எந்த நாவலையும் படிக்காமல் நான் தைத்ததில்லை. கொலையாளி யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கெல்லாம் நான்தான் ராஜா. பேய் வந்தால் திருநீறு தொட்டுக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டுவேன். காதலர்கள் சேர்ந்துவிட்டால் பசை கூட அன்றைக்குக் கட்டி தட்டாது. வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னவன் நான்தானே.

பொட்டுக்கு மேல் தாள் ஒட்டுவதையும் விடவில்லை. வேலை வேலைதான்.

இப்படிச் சில வருஷம் போன பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நூலகத்தில் இடம் போதவில்லை. மூன்று வருஷத்தில் பத்து முத்திரைகூட விழாத புத்தகங்களை எடுத்துவிட வேண்டும். இரவல் கொடுக்கும்போது புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள தாளில் தேதி முத்திரை குத்துவோமே, அதுதான் கணக்கு. ஒரு புதன்கிழமை புவான் பட்டியலைக் கொடுத்தார். தமிழ் நாவல் அலமாரியில் ஏறக்குறைய எல்லாமே அதில் இருந்தன. திங்கட்கிழமை லாரி வரும். காகிதக் கூழாக்க ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அன்று மதியமே பாக்கியத்திடம் சொன்னேன். உயரத் தட்டில் புத்தகம் எடுக்க ஏறி நிற்கும் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சாமிண்ணே, அத நான் ஒருத்தியா படிக்கிறேன்? லைப்ரரி தொறந்திருக்கிற நேரத்துல எங்காளுங்க மெஷின் முன்னால நிக்கிறாங்க. நான் ஒரு முத்திர குத்தி எடுத்துட்டுப் போனா, அது நாலு மாடி ஏறி எறங்கி, ஃபேக்டரி பஸ்ஸுல சுத்திட்டுத்தான் இங்க வரும்.”

“அதுக்கு என்னம்மா அத்தாட்சி?”

“படிச்சு முடிச்சவ பொட்டு வைப்பா. அட்டயெல்லாம் ஒரே மூஞ்சி, படிச்சதா படிக்காததான்னு எப்படித் தெரியும்? ஆளுக்கு ஒரு மாதிரி பொட்டு. மொய்க்கு அம்பத்தொன்னு வைக்கிற மாதிரி, அம்பத்தொன்னாம் பக்கத்துல. அபராதம் போடுவீங்கன்னு பயந்து வாயத் தொறக்கல. அதத்தான் நீங்க அழிச்சு அழிச்சு...”

மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.

புவானிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி ஒரு தரம் துடைத்தார்.

“பேச்சை நான் மேலே அனுப்ப முடியாது, என்சிக் மணி. ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்த யாராலும் முடியும். புத்தகத்தில் காட்டுங்கள். சனிக்கிழமை மதியம் வரை பட்டியல் என் மேசையில் இருக்கும்.”

ஒவ்வொரு புத்தகமாக ஐம்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். சுத்தம். அடுத்தது, சுத்தம். கடைசியாக ஒட்டியதற்குப் பிறகு விழுந்த ஒன்றிரண்டு பொட்டுகள் மட்டும் இருந்தன. சுத்தம் செய்கிறேன் என்று அத்தனை பேரையும் துடைத்து எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போய் கமலாவிடம் சொல்லி அழாத குறை. பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஒட்டுக்கு அடியில பாத்தீங்களா?”

“எந்த ஒட்டு?”

“நீங்க ஒட்டுன வெள்ளத்தாளு. கெணத்துக் கதயில மூனாவது பொட்டு என்னுது. தாழம்பூ குங்குமம். அதுக்கு மேல ஒட்டி, அம்பத்தொன்னுன்னு அழகா எழுதியிருந்தீங்க. உங்க கையெழுத்தாச்சேன்னு நான் அதுமேல மறுபடி வைக்கல.”

“நீ... படிச்சியா?”

“வீட்டுக்குள்ள வேணாம்னு சொன்னீங்க. வீட்டுக்குள்ள படிக்கலயே. ஃபேக்டரி பஸ்ஸுல படிச்சேன்.”

“எத்தன புத்தகம்?”

“நீங்க எத்தன படிச்சீங்க?”

“நான் எங்க...”

“சாமி முன்னால நின்னு ‘தேன்மொழிய காப்பாத்து முருகா’ன்னு ஒருநாள் வேண்டுனீங்களே. நம்ம சொந்தத்துல தேன்மொழி யாருங்க இருக்கா?”

இத்தனை வருஷம் ஒரே கதையை இரண்டு பேரும் ஒளிந்து ஒளிந்து படித்திருக்கிறோம். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பயிற்றங்காய் அடுப்பேறவே இல்லை.

மறுநாள் காலை பசை காய்ச்சவில்லை. கிணற்றுக் கதையை எடுத்தேன். ஐம்பத்தோராம் பக்கத்து ஒட்டின்மேல் ஈரத்தாளைப் போர்த்தி, ‘ஓம் சரவணபவ’ என்று இருபத்தொரு முறை சொன்னேன். மாவுப்பசை இளகுவதற்கு அதுதான் என் கணக்கு. பிறகு தட்டைக் கத்தியை ஓரத்தில் கொடுத்து மெல்லத் தூக்கினேன். நான் எழுதிய ‘51’ உரிந்து வந்தது. அடியில், கரையான் தின்ற மூலைக்கு நான் முதலில் ஒட்டிய தாளில், வைத்த அன்றைக்கு இருந்த நிறம் மாறாமல், குங்குமம் வரிசையாகச் சிரித்தது. மூன்றாவது பொட்டு தாழம்பூச் சிவப்பு. அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

செலோடேப் போட்டிருந்தால் பொட்டும் தாளும் சேர்ந்து கிழிந்திருக்கும். கடைப்பசை என்றால் கேட்கவே வேண்டாம். ரப்பர் போட்ட பென்சில் பொட்டுகள் போனது போனதுதான். மற்றவை எல்லாம் என் ஒட்டுக்கு அடியிலேயே பத்திரமாக இருந்தன. சில புத்தகங்களில் ஒட்டின்மேல் ஒட்டு. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கூட்டம்.

சனிக்கிழமை நூலகம் திறந்ததும் நீள மேசையில் புத்தகங்களைப் பரப்பினேன். எல்லாம் ஐம்பத்தோராம் பக்கத்தில் திறந்திருந்தன. பாக்கியம் ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கமலாவும் வந்தாள். எல்லார் கையிலும் அவரவர் குங்குமச்சிமிழ், மைக்குப்பி.

புவான் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பென்சில் முனையால் ஒரு பச்சைப் பொட்டைக் காட்டினார். ஒரு பெண் பேசாமல் கையை நீட்டினாள். அதே பச்சை நகப்பாலிஷ். இன்னொரு பொட்டு, சாந்து. “அது என்னுது புவான்” என்று ஒரு குரல். கிணற்றுக் கதையின் பின்னட்டையைத் திருப்பினார். மூன்று வருஷத்தில் ஆறு முத்திரை. முன்னால் திருப்பி எண்ணினார். இருபத்து மூன்று பொட்டு.

கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தரம் துடைத்தார். இரண்டாம் தரமும் துடைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு தரம் என்றால் மறுபடி செய் என்று அர்த்தம்.

“மறுபடி செய்வோம்” என்றார் புவான். “இந்தப் பட்டியலை.”

பேனாவை எடுத்து, பட்டியலில் முதல் பெயருக்கு எதிரே ‘சிம்பான்’ என்று எழுதினார். வைத்துக்கொள் என்று பொருள். அடுத்ததற்கும் சிம்பான். அதற்கடுத்ததற்கும். கை ஓயாமல் எழுதிக்கொண்டே போனார். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நூலகத்தில் சத்தம் போடக்கூடாதே.

எழுதி முடித்து, உரித்த ஒட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “கிழியாமல் வந்திருக்கிறது.”

“நீங்கதானே சொன்னீங்க புவான், நாளைக்குப் பிரிக்க முடியணும்னு.”

அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிணற்றுக் கதையைக் காட்டி, “இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கிணறு, நூறு வருஷம், மோதிரம், பௌர்ணமி. வழி அடைபடும் இடம் வரும்போது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சரி புவான், சாப்பிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

“லெப்பாஸ் இத்து?” என்றார். அப்புறம்?

உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்ன பிறகுதான் என்னை விட்டார்.

லாரி திங்கட்கிழமை வந்தது. பழைய தொலைபேசிப் புத்தகங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. புவான் மேலே எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, கொஞ்ச நாளில் ஒரு பெட்டி நிறையப் புதுத் தமிழ் நாவல்களும் வந்தன. இனிமேல் பொட்டுகளை என்ன செய்வது என்று கேட்டேன். “எனக்குத் தமிழ் தெரியாது. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்றே என் அறிவிப்பைக் கழற்றினேன். வீட்டிலும் சாமி ரூமுக்கு எதிரே ஒரு புத்தகத் தட்டு அடித்தேன். திருநீறு தாளில் நிற்காது என்பதால் என் பொட்டு சந்தனம். கமலாவின் தாழம்பூவுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

இதுவரை எழுதியதைப் போன செவ்வாய்க்கிழமை தர்ஷினியிடம் கொடுத்தேன். இன்றைக்குக் கமலாவோடு நூலகத்துக்குப் போனபோது, கிணற்றுக் கதையைச் சும்மா எடுத்துத் திறந்தேன். ஐம்பத்தோராம் பக்கத்தின் மூலையில் இனி ஒரு கடுகு வைக்கக்கூட இடமில்லை. அடுத்து வருகிறவள் எங்கே வைப்பாள் என்று கவலையாகிவிட்டது. ஏதோ தோன்றி நூற்றொன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

தங்க நிறத்தில், மினுமினுப்பு மையால் ஒரு பொட்டு. இன்னும் சரியாகக் காயவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். தர்ஷினி கவுண்ட்டரில் குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தாள். அவள் விரல் நுனியில் தங்க மை.

“என்ன அங்கிள் பாக்கிறீங்க?” என்றாள். “அம்பத்தொன்னுதான் ஃபுல்லாயிருச்சே. மொய்க்கு அடுத்து நூத்தியொன்னுதானே?”